பரீட்சை முடியட்டும்

1

இந்த ஊரின் பெயரைச் சொன்னால் உங்களுக்குத் தெரியப்போவதில்லை. மகள் இங்கே படிக்க வரும்வரை எனக்கே தெரியாது. கனடாவில் நான் இருக்கும் ஊருக்கும் பெரிய நகரங்களுக்கும் நடுவில், ஓர் ஏரிக்கரையில் கிடக்கிறது. ஒரு பல்கலைக்கழகம், ஒரு மர ஆலை, ஒரு விமான நிலையம். விமான நிலையம் என்பதே மரியாதைக்குச் சொல்வதுதான். தாம்பரம் மேற்கு பஸ் ஸ்டாண்டில் பாதிகூட இருக்காது. இரண்டு கேட், பெட்டி வரும் பெல்ட் ஒன்று, காபிக் கடை ஒன்று, கண்ணாடிக்குள் பஞ்சு அடைத்த கரடி ஒன்று. அவ்வளவுதான் சமாச்சாரம்.

அங்கே காலை பதினொரு மணிக்கு இறங்கினேன். வீட்டுக்குப் போகும் அடுத்த விமானம் மாலை நாலு இருபதுக்கு. ஐந்து மணி நேரத்துக்குமேல் சும்மா உட்கார வேண்டும். தாம்பரத்தில் டிக்கெட் போட்டுக் கொடுத்த டிராவல்ஸ்காரருக்கு இது தாங்கவே இல்லை.

"சார், வேற ரூட்ல போனா ஒன் அவர்ல கனெக்‌ஷன் கீது சார். எதுக்கு அங்க போய் குந்திகினு இருக்கப் போறீங்க?"

"இல்லைங்க, எனக்கு இதுதான் வேணும்" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

காரணம் இதுதான். என் மகள் நிவேதா, எங்களுக்கு நிவி, அந்த விமான நிலையத்திலிருந்து இருபது நிமிஷத்தில் இருக்கிறாள். ஒரு வருஷமாக என்னோடு பேசுவதில்லை. அடியோடு இல்லை என்று சொல்ல முடியாது. 'ம்', 'ஓகே', 'அம்மாகிட்ட ஃபோனைக் குடுங்க', இந்த மூன்றும் உண்டு. ராஜகீழ்ப்பாக்கத்தில் என் அப்பாவின் முதல் வருஷத் திதிக்கு நான் கிளம்பும் முன்னால், 'நீயும் வரியாம்மா, டிக்கெட் போடறேன்' என்று செய்தி அனுப்பினேன். 'எக்ஸாம் இருக்கு' என்று பதில் வந்தது. அது எனக்கென்றே வைத்திருந்த அடி. ஏன் என்று பிறகு சொல்கிறேன். வாங்கிக்கொண்டேன்.

திதி முடிந்து திரும்பும் வழியில், 'உங்க ஊர் ஏர்போர்ட்ல அஞ்சு மணி நேரம் இருப்பேன்' என்று எழுதினேன். 'கிளாஸ் இருக்கு. ட்ரை பண்றேன்' என்றாள். ஒரு வருஷத்தில் எனக்குக் கிடைத்த மிக நீளமான பதில் அதுதான்.

வருவாளா, மாட்டாளா என்பது ஒரு கவலை. வந்தால் என்ன செய்வது என்பது அதைவிடப் பெரிய கவலை. ஏனென்றால் ஐந்து நாளுக்கு முன்னால், திதிக்கு முதல் நாள், என் மனைவி உமா வீட்டிலிருந்து ஃபோன் செய்தாள். மார்பில் இருந்த கட்டியிலிருந்து சதை எடுத்துச் சோதித்த முடிவு வந்துவிட்டது. கேன்சர். ஆரம்பக் கட்டம்தான், பயப்பட ஒன்றுமில்லை, வருகிற வியாழக்கிழமை ஆபரேஷன் என்று டாக்டர் சொன்னாராம். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அவளோ அடுத்த மூச்சிலேயே சொன்னாள்:

"நிவிக்கு மட்டும் சொல்லிடாதீங்க. அதுக்கடுத்த திங்கக்கிழமை அவளுக்கு ஃபைனல் எக்ஸாம். முடியட்டும். அப்புறம் சொல்லிக்கலாம்."

"சரி" என்றேன்.

2

என்னைக் கெட்டவன் என்று நினைத்துவிடாதீர்கள். இந்த வழக்கத்தை நான் கண்டுபிடிக்கவில்லை. பரீட்சை நேரத்தில் பிள்ளையிடம் கெட்ட சேதி சொல்லக்கூடாது என்பது எங்கள் காலனியில் எழுதாத சட்டம். ஒரு வீட்டில் பிளஸ் டூ என்றால் பக்கத்து வீட்டில் மிக்ஸி போடுவதற்குக்கூட யோசிப்பார்கள்.

நான் பிளஸ் டூ எழுதிக்கொண்டிருந்தபோது, இயற்பியலுக்கு இரண்டு நாள் இருக்கையில், அப்பா மொட்டைத் தலையோடு வந்து நின்றார். மீசையும் இல்லை. ரயில்வேயில் வேலை பார்த்த மனிதர், கோயில் குளம் என்று சுற்றுகிறவர் அல்ல.

"என்னப்பா இது?"

"திருப்பதி போயிட்டு வந்தேன். நீ நல்லா எழுதணும்னு வேண்டிக்கிட்டிருந்தேன்."

"லட்டு எங்க?"

அப்பா திணறிவிட்டார். அம்மா சமையலறையிலிருந்து குரல் கொடுத்தாள். "ரயில்லயே வெச்சிட்டு இறங்கிட்டாராம். நீ போய்ப் படிடா."

நம்பினேன். இதை இன்றுவரை என்னால் ஜீரணிக்க முடியவில்லை. பதினேழு வயசு, கணக்கில் புலி என்று பெயர், அப்படியே நம்பினேன். இரண்டு வாரம் எங்கள் வாசலில் கோலம் இல்லை. கேட்டதற்கு இடுப்பு வலி என்றாள் அம்மா. தெருவில் உள்ளவர்கள் ஒவ்வொருவராக வந்து, ஹாலில் சற்று நேரம் பேசாமல் உட்கார்ந்துவிட்டுப் போனார்கள். எனக்கு வாழ்த்துச் சொல்லத்தான் வருகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு, எல்லோருக்கும் தேங்க்ஸ் சொன்னேன். எதிர் வீட்டு பஷீர் அண்ணன், கேம்ப் ரோட்டில் ஹார்டுவேர் கடை வைத்திருப்பவர், என் தேங்க்ஸைக் கேட்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "நல்லா எழுது தம்பி" என்று செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

கடைசிப் பரீட்சை முடிந்து வெளியே வந்தால், பள்ளிக்கூட வாசலில் அப்பா மொபெட்டோடு நிற்கிறார். நேராகக் கடைக்குக் கூட்டிப் போய் ரோஸ் மில்க் வாங்கிக் கொடுத்தார். நான் கடைசிச் சொட்டுவரை குடித்து முடிக்கட்டும் என்று காத்திருந்துவிட்டுச் சொன்னார்.

"மதுராந்தகம் தாத்தா தவறிட்டார்டா. பதினாறாம் நாள் காரியமும் முடிஞ்சிடுச்சு."

தாத்தா என்றால் அவருடைய அப்பா. கடை வாசலிலேயே நின்று அழுதேன். ஆனால் கோபம் வரவில்லை, சத்தியமாக வரவில்லை. பெற்ற தகப்பனுக்குக் கொள்ளி வைத்துவிட்டு வந்து, மகனிடம் லட்டை ரயிலில் விட்டுவிட்டேன் என்று பொய் சொன்ன மனிதர்மேல் எப்படிக் கோபப்படுவது? தான் அழ வேண்டிய இரண்டு வாரத்தை எனக்காக ஒத்திப்போட்டிருக்கிறார் என்றுதான் தோன்றியது. இதற்குப் பெயர்தான் பாசம் என்று முடிவு கட்டினேன். முப்பது வருஷத்துக்குமேல் அப்படியே நம்பிக்கொண்டும் இருந்தேன்.

3

சரி, விமான நிலையத்துக்கு வருவோம். ஐந்து மணி நேரத்தை என்ன செய்வது?

முதலில் கரடியைப் பார்த்தேன். அதன் உயரம், எடை, எந்த வருஷம் யார் சுட்டார் என்று எழுதியிருந்ததையெல்லாம் படித்தேன். இரண்டு தடவை படித்தேன். பிறகு காபிக் கடைக்குப் போனால், பன்னிரண்டு மணிக்கெல்லாம் ஷட்டரை இறக்கிக்கொண்டிருந்தார்கள். மீனம்பாக்கத்தில் பாதி ராத்திரியில்கூட பொங்கல் வடை கிடைக்கும். இங்கே பட்டப் பகலில் ஒரு காபிக்கு வழியில்லை.

கவுண்டரில் ஒரே ஓர் அம்மாள், டோனா என்று சட்டையில் பெயர். டிக்கெட் பார்ப்பதும் அவர்தான், மைக்கில் அறிவிப்பதும் அவர்தான். விமானம் வந்தால் மஞ்சள் கோட்டு மாட்டிக்கொண்டு வெளியே ஓடி, படிக்கட்டைத் தள்ளிக்கொண்டு போவதும் அவரேதான். என் முகத்தைப் பார்த்துவிட்டு, உள்ளே போய் ஒரு கோப்பையில் தன் ஃபிளாஸ்க் காபியை ஊற்றிக் கொண்டுவந்து கொடுத்தார். நீண்ட பயணமா என்று கேட்டார். வீட்டுக்குப் போய்விட்டு வீட்டுக்குப் போகிறேன் என்றேன். இருபத்து நாலு வருஷமாக இங்கிலீஷிலேயே பிழைப்பு நடத்துகிறேன், இந்த ஒரு விஷயத்தை இன்னும் ஒழுங்காகச் சொல்லத் தெரியவில்லை. அவர் புரிந்த மாதிரி தலையாட்டினார்.

ஓரமாக ஒரு மேஜையில் ஆயிரம் துண்டு ஜிக்சா படம் கலைந்து கிடந்தது. காத்திருப்பவர்கள் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துவிட்டுப் போவார்களாம். நானும் உட்கார்ந்தேன். முக்கால் மணி நேரத்தில் பதினோரு துண்டு. கணக்கில் புலி!

இடையில் உமா வாட்ஸப்பில் கூப்பிட்டாள். என் ஃபோனில் இன்னும் தாம்பரத்து சிம்தான் கிடந்தது. இந்த ஊர் சிம்மை எங்கே வைத்தேனோ. விமான நிலைய வைஃபையை நம்பித்தான் பிழைப்பு.

"வந்துட்டாளா?"

"இன்னும் இல்ல."

"வந்தா மூஞ்சியை நார்மலா வெச்சுக்கோங்க. உங்க மூஞ்சி காட்டிக் குடுத்துடும். சாம்பார் பன்னெண்டு டப்பா ஃப்ரீசர்ல போட்டுட்டேன். ரசம் மட்டும் நீங்க வெச்சுக்கணும். எந்த டப்பா எந்தக் கிழமைன்னு ஒட்டியிருக்கேன்."

"உமா, நீ எப்படி இருக்கே?"

"எனக்கென்ன? நல்லாத்தான் இருக்கேன். வாஷிங் மிஷின்ல கலர் துணியைத் தனியா போடணும், தெரியும்ல?"

ஐந்து நாளாக இதே கதைதான். ஒரு சொட்டு அழவில்லை. பட்டியல் மட்டும் போட்டாள்.

ஃபோனை வைத்ததும் எனக்கு அழ வேண்டும்போல் இருந்தது. கரடிக்கு முன்னால் போய் நின்றுகொண்டேன். நான் முதன்முதலில் வெளிநாடு கிளம்பியது நினைவுக்கு வந்தது. ராஜகீழ்ப்பாக்கத்திலிருந்து மீனம்பாக்கம் எவ்வளவு தூரம்? ஜி.எஸ்.டி. ரோட்டில் நெரிசல் இல்லாவிட்டால் அரை மணி. அதற்கு வேன் வைத்துக்கொண்டு பதினாலு பேர் வந்தார்கள். அக்கா லதா, பஷீர் அண்ணன், அவர் மூன்று பிள்ளைகள், அப்பாவின் ரயில்வே ஷெட் நண்பர்கள். வழியில் தாம்பரம் சானடோரியத்தில் நிறுத்தி எல்லோருக்கும் டீ. நான் உள்ளே போன பிறகும் யாரும் வீட்டுக்குப் போகவில்லையாம். எதிரே திரிசூலம் ஸ்டேஷன் நடைமேடையில் வரிசையாக நின்று, மேலே கிளம்பிய ஒவ்வொரு விமானத்துக்கும் கை காட்டினார்களாம். எது என்னுடையது என்று தெரியாதே. ஒன்றையும் விடாமல் காட்டிவிட்டால் சரியாகப் போய்விடும் என்று அப்பா சொன்னாராம்.

4

அந்த அப்பா போன வருஷம் போனார். காலையில் பால் வாங்கி வந்து, காபி குடித்து, பேப்பரை மடித்து வைத்துவிட்டு, நாற்காலியிலேயே போய்விட்டார். அம்மா காலத்துக்குப் பிறகு கூட இருந்த அக்காவுக்கே பத்து நிமிஷம் கழித்துத்தான் தெரிந்ததாம்.

நிவிக்கும் அவருக்கும் இருந்தது ஒரு தனிக் கணக்கு. ஐந்து வயசில் கோடை விடுமுறைக்குப் போனபோது அவரையே உத்தரவு போட்டு வேலை வாங்கியவள், அதனால் அவருக்கு அவள் 'மேடம்'. இரண்டு பேரும் தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறுவார்கள். ஜன்னல் சீட்டு, வேர்க்கடலைப் பொட்டலம். பீச் ஸ்டேஷன்வரை போவார்கள். இறங்க மாட்டார்கள். அதே ரயிலில் திரும்பி வருவார்கள். எதற்கு இது என்று அம்மா தலையில் அடித்துக்கொள்வாள். "மேடம் இன்ஸ்பெக்‌ஷன்" என்பார் அப்பா.

நிவி வளர்ந்த பிறகு, தினமும் காலை ஐந்தரைக்கு அவளுக்கு வாட்ஸப்பில் ஒரு ரோஜாப்பூ போகும். மேலே குட் மார்னிங் என்று எழுதிய, நம் ஊர்ப் பெரியவர்கள் எல்லோரும் அனுப்புகிற அதே படம்தான். இங்கே அப்போது சாயங்காலம். கல்லூரியிலிருந்து வந்து சேரும் நேரம். அவள் தன் உடைந்த தமிழில் ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்புவாள். எங்களிடம் சொல்லாததையெல்லாம் அவரிடம் சொல்வாள்.

அப்பா போன அன்று நிவிக்குப் பரீட்சை நடந்துகொண்டிருந்தது. உமாவுக்கு வர முடியவில்லை. இந்தியா வருவதற்கான அட்டையைப் புதுப்பிக்க அனுப்பிய மனுவில், அவள் கையெழுத்து கட்டத்தைக் கால் அங்குலம் தாண்டிவிட்டதால் எல்லாம் திரும்பி வந்திருந்தது. நான் மட்டும் கிளம்பினேன். நிவியிடம் ஆபீஸ் வேலையாக வெளியூர் போகிறேன் என்று சொன்னோம். நான் போய்ச் சேரும்போது ஹாலில் ஐஸ் பெட்டிக்குள் அப்பா. ஃப்ரிட்ஜ் மேல் அவருடைய ஃபோன். அது டிங் என்றது.

'தாத்தா, ரெண்டு நாளா ரோஸ் வரல? ஆர் யூ ஓகே?'

அக்கா என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். பக்கத்தில் நின்ற பஷீர் அண்ணன் விஷயத்தைக் கேட்டுவிட்டு, "புள்ளைக்கு எக்ஸாமா? ஒண்ணியும் சொல்லாத தம்பி. பேஜாராயிடும். இங்க நம்ம பார்த்துக்கலாம்" என்றார். நல்ல மனுஷன், நல்லதுக்குத்தான் சொன்னார். அக்கா, "ஒரு ரோஸ் அனுப்பிடுடா, பாவம் பயந்துடுவா" என்றாள்.

அனுப்பினேன். பெட்டிக்குள் அப்பா கிடக்க, அவர் ஃபோனில் அவர் சேர்த்து வைத்திருந்த படங்களிலிருந்து ஒரு சிவப்பு ரோஜா எடுத்து அனுப்பினேன். மறுநாளும் அனுப்பினேன். பதினான்கு நாள், பதினான்கு ரோஜா. வீடியோவில் கூப்பிட்டால் மொட்டைத் தலையை மறைக்கக் கம்பளிக் குல்லாய். தலைக்கு மேல் சீலிங் ஃபேன் சுற்ற, குல்லாய்க்குள்ளிருந்து வேர்வை வழிய உட்கார்ந்து, "இங்க செம குளிர்மா" என்றேன்.

இது மட்டும் என்றால்கூட அவள் மன்னித்திருப்பாள் என்று நினைக்கிறேன். ஆறாம் நாள் தாத்தாவுக்கு ஒரு செய்தி வந்தது. 'தாத்தா, நாளைக்கு எக்ஸாம்ல ஃபெயில் ஆயிடுவேன்னு தோணுது. அப்பாகிட்ட சொல்லாதீங்க.' அதைப் படித்த அப்பா நான். என்ன செய்வது என்று தெரியாமல், அவர் பெயரில் பதில் எழுதினேன். 'தைரியமா எழுது மேடம்.' அவள் ஒரு இதயம் அனுப்பினாள்.

கடைசிப் பரீட்சை முடிந்த ஒரு மணி நேரத்துக்குள் ஃபோன் செய்து உண்மையைச் சொன்னேன். அழுவாள், அப்புறம் என்னைப் புரிந்துகொள்வாள், ஒருவேளை தேங்க்ஸ்கூடச் சொல்வாள் என்று இருந்தேன். மடையன். அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"அப்போ அந்த ரோஸ் எல்லாம்?"

ஃபோனை வைத்துவிட்டாள்.

5

இரண்டே முக்காலுக்கு வாசல் கதவு திறந்து, குளிர் காற்றோடு நிவி வந்தாள். பெரிய கோட்டு, கையில் கார் சாவி. தலைமுடியைக் கழுத்துவரை வெட்டியிருந்தாள். எப்போது வெட்டினாள்? எனக்கு யாரும் சொல்லவில்லை.

"ஹாய்ப்பா."

"வாம்மா."

கட்டிக்கொள்வதா வேண்டாமா என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. நடுவில் என் பை இருந்த நாற்காலியை விட்டு அடுத்ததில் உட்கார்ந்தாள். நான் பையைத் திறந்து அக்கா கொடுத்தனுப்பிய தட்டையை எடுத்துக் கொடுத்தேன். பிரித்து ஒன்றைக் கடித்தாள். அந்த அமைதியில் அது கடக்கென்று ஊருக்கே கேட்டது. டோனா நிமிர்ந்து பார்த்தார். நிவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கிக்கொண்டாள்.

"திதி எப்படிப்பா நடந்தது?"

"நல்லா நடந்தது. முடிச்சூர் சித்தப்பா எல்லாரும் வந்திருந்தாங்க. பஷீர் அண்ணன் வாழை இலை எல்லாம் அவரே வாங்கிக் குடுத்துட்டார்."

"தாத்தா ஃபோன் எங்க இருக்கு?"

"அத்தைகிட்ட. சார்ஜ் போட்டு வெச்சிருக்கா. யாரும் தொடறதில்ல."

தட்டைப் பொட்டலத்தை மடித்து மூடினாள். பிறகு நிமிராமல் கேட்டாள்.

"தைரியமா எழுது மேடம்னு வந்ததே. அது அத்தையா, நீங்களா?"

"நான்தான்."

"தெரியும். தாத்தா அப்படிச் சொல்ல மாட்டார்ப்பா. 'போனா போவுது மேடம், அடுத்த ட்ரெயின் புடிச்சுக்கலாம்'னு சொல்வார். அன்னிக்கே எனக்கு ஒரு மாதிரி இருந்தது. ஆனா அது தாத்தாவா இருக்கணும்னு ஆசையா இருந்தது."

நியாயம் சொல்ல வாயைத் திறந்தேன். அவள் விடவில்லை.

"நான் பேசிடறேன்ப்பா. சொல்லியிருந்தா என்ன ஆயிருக்கும்? அழுதிருப்பேன். எக்ஸாம் எழுதியிருப்பேன், இல்ல எழுதாம விட்டிருப்பேன். அது என் இஷ்டம். நீங்க எல்லாரும் சேர்ந்து அழுது முடிச்சப்புறம் என்கிட்ட சொன்னீங்க. நான் அழறப்போ கூட அழறதுக்கு யாருமே இல்லப்பா. எல்லாரும் நார்மல் ஆயிட்டீங்க. அத்தை என்கிட்ட கத்திரிக்கா விலை பேசினா."

இத்தனை வருஷத்தில் இந்தப் பக்கத்திலிருந்து நான் யோசித்ததே இல்லை. ரோஸ் மில்க் கடை வாசலில் நான் அழுதபோது அப்பா சும்மா நின்றது ஞாபகம் வந்தது. அவருக்கு அதற்குள் வற்றிப் போயிருந்தது.

"தப்புதான்மா" என்றேன். 'ஆனா' என்று ஆரம்பிக்காமல் சொன்னது இதுதான் முதல் தடவை.

அவள் என் பையைத் தூக்கித் தரையில் வைத்துவிட்டு, பக்கத்து நாற்காலிக்கு நகர்ந்து வந்தாள். அப்புறம் முக்கால் மணி நேரம் போனது தெரியவில்லை. தாத்தாவின் கடைசி நாளை ஒன்றுவிடாமல் கேட்டாள். பால் வாங்கினாரா, எந்தக் கடையில், யாரிடம் பேசினார், பேப்பரை மடித்து எங்கே வைத்தார். எனக்குத் தெரிந்ததெல்லாம் சொன்னேன். அழுதாள். நானும் அழுதேன். டோனா கண்டும் காணாததுபோல் ஒரு கட்டு டிஷ்யூவை ஜிக்சா மேஜைமேல் வைத்துவிட்டுப் போனார்.

அப்போதுதான் கேட்டாள். "அம்மா எப்படி இருக்கா? நேத்து ஃபோன்ல என்னவோ மாதிரி பேசினா. ஃப்ரீசர் பத்தியே பேசிட்டிருந்தா."

"நல்லா இருக்காம்மா. கொஞ்சம் சளி. அவ்வளவுதான்."

பாருங்கள், எவ்வளவு சுலபமாக வந்தது! அப்பாவாவது லட்டு எங்கே என்றதும் திணறினார். நான் திணறக்கூட இல்லை.

6

மூன்றே முக்காலுக்கு டோனா மைக்கில் கூப்பிட்டார். நிவி என்னை இறுகக் கட்டிக்கொண்டாள். "ஒழுங்கா சாப்பிடுங்க, இளைச்சிட்டீங்க" என்றாள், உமா குரலிலேயே. நான் சோதனை வரிசையில் போய் நின்றேன். எனக்கு முன்னால் இரண்டே பேர். பெல்ட்டைக் கழற்றி, ஷூவைக் கழற்றி, உள்ளே போனேன். முப்பது நாற்காலி போட்ட ஓர் அறை. ஜன்னலுக்கு வெளியே சின்ன விமானம். ஷூ கயிற்றைக் கட்டக் குனிந்தபோது ஃபோன் அடித்தது.

'தேங்க்ஸ்ப்பா, வந்ததுக்கு. இனிமே உங்கள நம்பறேன்.'

அதற்குக் கீழேயே இன்னொன்று. 'எக்ஸாம் முடிஞ்சதும் வீட்டுக்கு வரேன். அம்மாகிட்ட சொல்லுங்க.'

மனசுக்குள் கணக்குப் போட்டேன். வியாழக்கிழமை ஆபரேஷன். திங்கள் தொடங்கி அடுத்த வாரம் முழுக்கப் பரீட்சை. இவள் வந்து சேரும்போது உமா தையல் பிரித்து, எழுந்து நடமாடி, நார்மல் ஆகியிருப்பாள். இவள் மறுபடியும் தனியாக உட்கார்ந்து அழுவாள். நான் கத்திரிக்காய் விலை பேசுவேன். ஒரு வருஷம் கழித்துக் கிடைத்த மகள், இந்தத் தடவை போனால் போனதுதான்.

உமாவுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். தெரியும். ஆனால் உட்கார முடியவில்லை. எழுந்து சோதனைக் கதவுக்குத் திரும்பி வந்து, வெளியே போக வேண்டும் என்றேன். மீனம்பாக்கமாக இருந்தால் அந்தச் சீருடைக்காரரிடம் என்ன பாடு பட்டிருப்பேனோ. இங்கே இருந்த பெண், போகலாம், ஆனால் பத்து நிமிஷத்தில் கதவை மூடிவிடுவோம், அப்புறம் விமானம் நிற்காது என்று பொறுமையாகச் சொன்னாள். சரி என்று நடந்தேன். பை தோளில், பெல்ட் கையில், ஷூ கயிறு தரையில்.

நிவியின் பழைய கார் வெளியே புகைவிட்டுக்கொண்டு சூடேறிக்கொண்டிருந்தது. நான் ஓடி வருவதைப் பார்த்துக் கண்ணாடியை இறக்கினாள்.

"என்னப்பா, எதையாவது விட்டுட்டீங்களா?"

"அம்மாவுக்குச் சளி இல்லடி."

அவள் முகம் மாறியது. நின்ற வாக்கில், குளிரில் பல் கிட்ட, எல்லாவற்றையும் சொன்னேன். கட்டி, சோதனை, வியாழக்கிழமை, சொல்லாதே என்று அம்மா சொன்னது, சற்று முன்னால் நான் சொன்ன பொய், எல்லாம். கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை.

"எந்தப் பக்கம்?"

"இடது."

"ஆரம்பம்னு டாக்டரே சொன்னாரா, அம்மா சொன்னாளா?"

"டாக்டர் சொன்னார்னு அம்மா சொன்னா."

"அம்மா இப்போ வீட்ல தனியாவா இருக்கா?"

"ஆமா."

"அஞ்சு நாளா?"

"ஆமாம்மா."

ஸ்டியரிங்கை உள்ளங்கையால் ஓங்கி ஓர் அடி அடித்தாள். ஹாரன் அலறியது. "ஏறுங்க" என்றாள்.

"கார்ல ஆறு மணி நேரம் ஆகும்டி. உனக்கு எக்ஸாம்..."

"புக்ஸ் பின் சீட்ல இருக்கு. வியாழக்கிழமை அங்க இருப்பேன், ஞாயித்துக்கிழமை திரும்பி வருவேன், திங்கக்கிழமை எழுதுவேன். இல்ல எழுத மாட்டேன். ஏறுங்கப்பா, குளிருது."

ஏறினேன். வேலிக்கு அந்தப் பக்கம் டோனா மஞ்சள் கோட்டோடு படிக்கட்டைத் தள்ளிக்கொண்டு திரும்பிக்கொண்டிருந்தார். என் பெட்டி விமானத்தில் போயிற்று. நான் போகவில்லை.

நிவி வண்டியை எடுப்பதற்கு முன்னால் அம்மாவைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டாள்.

"என்னடி, அப்பா ஃப்ளைட் ஏறிட்டாரா? நீ படிக்கலையா?"

"அம்மா, அப்பா என்கூட கார்ல இருக்கார். ரெண்டு பேரும் வந்துட்டிருக்கோம். அப்பா சொல்லிட்டார்."

நான் திட்டு வாங்கத் தயாராகக் கண்ணை மூடிக்கொண்டேன். சொல்லாதீங்கன்னு சொன்னேனே, ஒரு விஷயம் உங்ககிட்ட சொல்ல முடியுதா என்று ஆரம்பிப்பாள். அதற்குப் பதில் முதலில் ஒரு மூச்சுச் சத்தம் கேட்டது. அப்புறம் உமா அழுதாள். விக்கி விக்கி, குரல் விட்டு அழுதாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் அப்படி அழுது நான் கேட்டதில்லை. நிவி 'அழாதம்மா' என்று சொல்லவில்லை. ஃபோனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அவளும் கூடவே அழுதாள்.

ரொம்ப நேரம் கழித்து மூக்கை உறிஞ்சிக்கொண்டு உமா கேட்டாள்.

"எத்தனை மணிக்குடி வருவே?"